பறவைகளை ஒலியால் அடையாளம் காணுதல்

பறவைகளை ஒலியால் அடையாளம் காணுதல் என்பது, ஒரு பறவையைக் கண்ணால் காணாமலேயே அது எழுப்பும் பாடல், அழைப்பு, பிற ஒலிகள் ஆகியவற்றைக் கொண்டு அதன் இனத்தை அறியும் திறன் ஆகும். பறவை நோக்கர்களும் பறவையியல் ஆய்வாளர்களும் களப்பணியில் இத்திறனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அடர்ந்த காடு, நாணற்புதர், இரவு நேரம் ஆகிய சூழல்களில் பறவையைப் பார்ப்பதைவிடக் கேட்பதே எளிது. உருவத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும் சில இனங்களைப் பிரித்தறிய ஒலியே முதன்மையான சான்றாக அமைகிறது.

இத்திறன் பிறவியில் வாய்ப்பதன்று. முறையான இசைப் பயிற்சியும் இதற்குத் தேவையில்லை. தொலைபேசியில் பேசுபவர் இன்னார் என்று குரலைக் கொண்டே அறிவது போன்றதே இதுவும். பழகிய குரல்களின் எண்ணிக்கை கூடக்கூட, பழகாத குரல் தானாகவே தனித்துக் கேட்கத் தொடங்கும். பறவைகளின் தொகை கூடுகிறதா குறைகிறதா என்பதை அறிய நடத்தப்படும் கணக்கெடுப்புகள் பலவும் கணக்கெடுப்பவரின் செவியையே பெருமளவு நம்பியுள்ளன. எனவே இது பொழுதுபோக்கு மட்டுமன்றி, இயற்கைப் பாதுகாப்புக்கு அடிப்படையான ஒரு கருவியும் ஆகும்.

பாடலும் அழைப்பும்

பறவைகளின் குரல் ஒலிகள் பொதுவாகப் பாடல், அழைப்பு என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. பாடல் நீளமானது, அமைப்பில் சிக்கலானது. பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில், தன் எல்லையை அறிவிக்கவும் துணையை ஈர்க்கவும் பாடப்படுகிறது. பல இனங்களில் ஆண் பறவையே பாடும். ஆயினும் வெப்பமண்டலப் பகுதிகளில் பெண் பறவைகளும் பாடும் இனங்கள் பல உள்ளன. அழைப்பு குறுகியது, ஆண்டு முழுவதும் இருபாலும் எழுப்புவது. எச்சரிக்கை, கூட்டத்தோடு தொடர்பு கொள்ளுதல், பறக்கத் தொடங்குதல், குஞ்சு இரை கேட்டல் எனப் பல நோக்கங்களுக்கும் தனித்தனி அழைப்புகள் உண்டு. ஆகவே ஓர் இனத்தை ஒலியால் அறிவது என்பது ஓர் ஒலியை மட்டும் அறிவதன்று. அவ்வினத்தின் ஒலித்தொகுதியை அறிவதாகும்.

குயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். படிப்படியாக உயர்ந்து செல்லும் "கூ-ஊ" என்னும் கூவல், செந்நிறக் கண்களையுடைய கரிய ஆண் குயிலுக்கு உரியது. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண் குயில் "கிக்-கிக்-கிக்" என்று விரைவாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும். குயிலின் இனிய குரலைப் பெண்ணோடு இணைத்துப் பேசுவது தமிழ் வழக்கில் பரவலாகக் காணப்பட்டாலும், அக்குரலுக்கு உரியது ஆண் பறவையே ஆகும்.

குரலால் அன்றி எழுப்பப்படும் ஒலிகளும் அடையாளம் காண உதவுகின்றன. மரங்கொத்தி மரத்தைத் தட்டும் ஒலி, புறா எழும்பும்போது கேட்கும் சிறகடிப்பு, சாம்பல் கதிர்க்குருவி புதரிலிருந்து வெளிப்படும்போது மின்பொறி தெறிப்பது போல எழும் "டிக்-டிக்" ஒலி ஆகியன இவ்வகையின.

ஒலி உண்டாகும் விதம்

மனிதரின் குரல்வளை மூச்சுக்குழலின் மேல் முனையில் உள்ளது. பறவைகளின் குரலுறுப்பாகிய சிரிங்சு, மூச்சுக்குழல் இரு கிளைகளாகப் பிரியும் அடிப்பகுதியில் அமைந்துள்ளது. பாடும் பறவைகள் இதன் இரு பக்கங்களையும் தனித்தனியே கட்டுப்படுத்த வல்லவை. இதனால் ஒரே பறவை ஒரே நேரத்தில் இரண்டு வேறுபட்ட சுரங்களை எழுப்ப முடிகிறது. சில பாடல்களை மனிதக் குரலாலும் சீழ்க்கையாலும் சரியாகப் போலச் செய்ய இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

கற்ற ஒலியும் பிறவி ஒலியும்

பாடும் பறவைகள், கிளிகள், தேன்சிட்டைப் போல மலர்த்தேன் உண்ணும் அமெரிக்கக் கண்டங்களின் ஓசனிச்சிட்டுகள் ஆகிய மூன்று பிரிவுகளில் ஒலியைக் கேட்டுக் கற்கும் இயல்பு அறியப்பட்டுள்ளது. 1950களில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் வில்லியம் தோர்ப் என்பவர், ஐரோப்பாவின் பாடும் பறவையான சாஃபிஞ்ச்சு குஞ்சுகளைப் பிற பறவைகளின் ஒலி கேளாதவாறு தனியே வளர்த்தார். அவை வளர்ந்தபின் தம் இனத்தின் முழுமையான பாடலைப் பாடவில்லை. எளிய, குறைபட்ட பாடலையே பாடின. அமெரிக்காவில் பீட்டர் மார்லர் மேற்கொண்ட ஆய்வுகள், ஒரே இனச் சிட்டுகளின் பாடல் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் காட்டின. இவ்வேறுபாடுகள் வட்டார வழக்குகள் எனப்படுகின்றன.

குயில் வகைகளில் நிலைமை வேறு. காக்கையின் கூட்டில், காக்கைகளால் இரையூட்டப்பட்டு, காக்கைகளின் கரைதலையே கேட்டு வளரும் குயில் குஞ்சு, வளர்ந்தபின் குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் கற்கப்படாமல் மரபுவழி வருவதே இதற்குக் காரணம்.

அடையாளம் காணப் பயில்வோருக்கு இவ்வேறுபாடு நடைமுறையில் பயன்படும். ஒலியைக் கற்காத இனங்களாகக் கருதப்படும் குயில்கள், குக்குறுவான்கள், ஆந்தைகள், பக்கிகள் ஆகியவற்றின் குரல் பறவைக்குப் பறவை அதிகம் மாறுவதில்லை. எனவே தொடக்கத்தில் இவற்றைக் கற்பது எளிது. குண்டுக்கரிச்சான் போன்ற கற்கும் இனங்களில் ஒவ்வொரு பறவையின் பாடலும் ஓரளவு வேறுபடும். தொலைவான வட்டாரத்தில் பதியப்பட்ட ஒலி, உள்ளூர்ப் பறவையின் பாடலோடு முற்றிலும் பொருந்தாமலும் போகலாம்.

கவனிக்க வேண்டிய கூறுகள்

பழக்கமில்லாத ஒலியைக் கேட்கும்போது அதை ஒட்டுமொத்தமாக நினைவில் கொள்வது கடினம். பின்வரும் கூறுகளாகப் பிரித்துக் கவனித்தால் ஒப்பிடுவது எளிதாகும்.

* சுருதி: ஒலி தாழ்ந்ததா, உயர்ந்ததா, ஒரே நிலையில் நிற்கிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது. பெரும்பாலான பறவைப் பாடல்கள் ஏறத்தாழ 1 முதல் 8 கிலோஹெர்ட்சு வரையான அதிர்வெண்களில் அமைகின்றன. செம்போத்து, கொம்பன் ஆந்தை போன்ற பெரிய பறவைகளின் குரல் இதனினும் தாழ்ந்தது.
* வேகமும் தாளமும்: சுரங்களுக்கு இடையிலான இடைவெளி சீரானதா, குறைந்துகொண்டே வருகிறதா என்பது. செம்மார்புக் குக்குறுவான் மாறாத இடைவெளியில் ஒலிக்கும். இந்தியப் பக்கியின் ஒலியில் இடைவெளி குறைந்துகொண்டே சென்று இறுதியில் ஒன்றாகிவிடும்.
* தன்மை: சீழ்க்கை, கரகரப்பு, உலோகத்தைத் தட்டும் ஒலி, நடுக்கம், மூக்கொலி என ஒலியின் குணம்.
* அமைப்பு: ஒரே அசை திரும்பத் திரும்ப வருகிறதா, ஒரு சிறு தொடர் மீண்டும் வருகிறதா, ஒவ்வொரு முறையும் புதிதாக உள்ளதா என்பது. தையல்சிட்டு ஓர் அசையையே பலமுறை ஒலிக்கும்; குண்டுக்கரிச்சான் தொடர்களை மாற்றி மாற்றிப் பாடும்.
* இடமும் காலமும்: மர உச்சி, புதரின் அடி, வயல், நீர்நிலை ஆகிய இடங்களும் விடியல், நண்பகல், அந்தி, இரவு ஆகிய பொழுதுகளும்.

காலம் எத்துணைச் சிறந்த சான்று என்பதற்கு ஆறுமணிக்குருவி என்னும் பெயரே சான்றாகும். குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் இப்பறவை, காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிய பொழுதில் இரண்டு சுரங்கள் கொண்ட தெளிவான சீழ்க்கையை எழுப்பும். தரையில் சருகுகளுக்கிடையே இரை தேடும் இதனைக் காண்பது அரிது, கேட்பது எளிது. பறவையைக் காணாமலேயே அதன் வருகையை அறிந்த மக்கள் இட்ட பெயர் இது.

சொற்களில் பதிவு செய்தல்

ஒலியைச் சொல்லாக மாற்றி நினைவில் வைப்பது பழைய முறை ஆகும். மயில் அகவும், காகம் கரையும், குயில் கூவும், ஆந்தை அலறும், கூகை குழறும், கோழி கொக்கரிக்கும், புறா குனுகும் என்று ஒவ்வோர் உயிரின் ஒலிக்கும் தனி வினைச்சொல் வழங்குவதைத் தமிழ் இலக்கணம் ஒலி மரபு என்று வகுக்கிறது. இது மொழி வழக்கு மட்டுமன்று. ஒலிகளின் தன்மை வேறுபாட்டைக் கூர்ந்து கேட்டதன் விளைவும் ஆகும். ஆசிரியப்பாவுக்குரிய ஓசை அகவலோசை எனப்படுவதும் இங்கு நினைக்கத்தக்கது. காக்கை, கூகை, குக்குறுவான் முதலிய பெயர்கள் அவ்வப் பறவையின் ஒலியையே எதிரொலிக்கின்றன. மனிதரையோ விலங்கையோ கண்டவுடன் உரக்கக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி அப்பெயர் பெற்றது.

ஒரே ஒலியை ஒவ்வொரு மொழியினரும் தத்தம் சொற்களில் கேட்கின்றனர். ஆள்காட்டியின் எச்சரிக்கை ஒலி ஆங்கிலேயருக்கு "டிட் ஈ டூ இட்" என்று கேட்டது. நான்கு சுரங்களில் கூவும் இந்தியக் குயிலின் ஒலியை வங்காளிகள் "பௌ கொதா கௌ", அதாவது "மருமகளே, பேசு" என்று கேட்டு, அதையே அப்பறவைக்குப் பெயராகவும் வைத்துள்ளனர். ஆங்கில மூளைக்காய்ச்சல் பறவையும் தமிழ் அக்காக்குயிலும் ஒன்றே. மராத்தியர் அதன் கூவலில் "மழை வந்தது" என்னும் பொருளுடைய தொடரைக் கேட்கின்றனர். இத்தகைய சொற்கள் நினைவுக்கு உதவுபவையே தவிர, சான்றுகள் அல்ல. பிறர் அமைத்த சொல் பொருந்தவில்லையெனில், கேட்பவர் தமக்குப் பொருந்தும் சொல்லைத் தாமே அமைத்துக்கொள்வது நல்லது.

தென்னிந்தியாவில் எளிதில் கேட்கத்தக்க சில ஒலிகள்

* செம்மார்புக் குக்குறுவான்: "டுக்-டுக்-டுக்" எனச் செம்பு தட்டுவது போன்ற ஒலி, நீண்ட நேரம் மாறாமல் தொடரும். பறவை தலையைத் திருப்பிக்கொண்டே ஒலிப்பதால் ஒலி வரும் திசை மாறுவது போலத் தோன்றும்.
* செம்போத்து: "ஊப்-ஊப்-ஊப்" என ஆழ்ந்து முழங்கும் தொடர். புதர்களிலும் தோப்புகளிலும் கேட்கலாம்.
* அக்காக்குயில்: மூன்று அசைகள் கொண்ட தொடர், ஒவ்வொரு முறையும் சுருதியும் உரப்பும் ஏறி, உச்சத்தில் திடீரென நிற்கும். இரவிலும் கேட்கும்.
* தையல்சிட்டு: "டுவிட்-டுவிட்-டுவிட்" என்னும் உரத்த ஒலி. பறவையின் சிறிய உருவத்துக்குப் பொருந்தாத அளவு வலிமையானது.
* வெண்மார்பு மீன்கொத்தி: பறக்கும்போது கடகடவென்னும் ஒலி, மர உச்சியிலிருந்து நீண்டு நடுங்கும் சீழ்க்கை. நீர்நிலைக்குத் தொலைவான இடங்களிலும் கேட்கும்.
* குண்டுக்கரிச்சான்: விடியலில் உயர்ந்த கிளையிலோ கம்பியிலோ அமர்ந்து பாடும் இனிய, பலவகைப்பட்ட சீழ்க்கைப் பாடல்.
* புள்ளி ஆந்தை: அந்தியில் இணையாகக் கிறீச்சிட்டுச் சண்டையிடுவது போன்ற ஒலிகள்.
* கொம்பன் ஆந்தை: பாறைகள் நிறைந்த பகுதிகளில் இரவில் கேட்கும் ஆழ்ந்த ஈரசை ஒலி.
* இந்தியப் பக்கி: "சக்-சக்-சக்-சக்ர்ர்ர்" எனக் கீழே விழுந்த மேசைப்பந்து துள்ளித் துள்ளி அடங்குவது போன்ற ஒலி.
* சீகாரப் பூங்குருவி: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில், ஒருவர் நோக்கமின்றிச் சீழ்க்கையடித்துச் செல்வது போன்ற பாடல்.

கற்கும் முறை

முதற்படி, வாழும் இடத்தில் நாள்தோறும் கேட்கும் ஏறத்தாழ பத்து இனங்களை முழுமையாக அறிவது ஆகும். காகம், மைனா, குயில், தையல்சிட்டு, தவிட்டுக்குருவி ஆகியவற்றின் எல்லா ஒலிகளையும் அறிந்தவருக்கு, அவற்றுள் அடங்காத ஒலி உடனே புலப்படும். பல நூறு ஒலிப்பதிவுகளை ஒருசேரக் கேட்டு மனனம் செய்ய முயல்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை.

இரண்டாவது, ஒலி வரும் திசையில் மெல்லச் சென்று, பறவை ஒலிப்பதைக் கண்ணால் காண்பது. அலகு அசைவதையும் ஒலியையும் ஒன்றாகக் கண்டறிந்த ஒரு நிகழ்வு, பலமுறை கேட்ட ஒலிப்பதிவைவிட ஆழமாக நினைவில் பதிகிறது.

மூன்றாவது, ஒலிப்பதிவையோ நூலையோ நாடுமுன், கேட்டதைத் தம் சொற்களில் எழுதிவைப்பது. முதலில் விடையைக் கேட்டுவிட்டால், கேட்ட ஒலியை அவ்விடைக்கு ஏற்ப நினைவு திருத்திக்கொள்ளும். சுருதி ஏறியது, நான்கு அசைகள், இரண்டு நொடி இடைவெளி என்பன போன்ற குறிப்புகள் பின்னர் ஒப்பிடுவதற்கு உதவும்.

நான்காவது, குழப்பம் தரும் இனங்களை இணையிணையாகக் கற்பது. காட்டுச் சிலம்பனின் கரகரத்த மூக்கொலியையும், வெண்தலைச் சிலம்பனின் உயர்ந்த நடுங்கும் ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும். பொன்முதுகு மரங்கொத்தியின் கனைப்பும் வெண்மார்பு மீன்கொத்தியின் கடகடப்பும் தொடக்கநிலையினரை மயக்கும் மற்றோர் இணை ஆகும்.

காலத்தைத் தேர்ந்துகொள்வதும் உதவும். வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரத் தொடங்கும் முன்பே உள்ளூர்ப் பறவைகளின் ஒலிகளைப் பழகியவர், புதிதாக வந்த குரல்களை எளிதில் பிரித்தறிவார்.

ஒலிநிரல் வரைபடம்

ஒலியைக் கண்ணால் காணச் செய்யும் வரைபடம் ஒலிநிரல் வரைபடம் எனப்படும். இதில் கிடை அச்சு காலத்தையும், செங்குத்து அச்சு அதிர்வெண்ணையும், கோட்டின் கருமை ஒலியின் வலிமையையும் குறிக்கும். தூய சீழ்க்கை மெல்லிய கோடாகத் தோன்றும். கரகரப்பான ஒலி பல அதிர்வெண்களில் பரவிய திட்டாகத் தெரியும். ஆண் குயிலின் கூவல் மேல்நோக்கிச் சாய்ந்த கோடாகவும், செம்மார்புக் குக்குறுவானின் ஒலி சம இடைவெளியில் அமைந்த புள்ளிகளின் வரிசையாகவும் அமையும். செவியால் பிரித்தறிய இயலாத விரைவான சுரங்களை இவ்வரைபடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

வரலாறு

பறவை ஒலிகளை இசைக் குறியீட்டில் எழுதும் முயற்சிகள் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகின்றன. அத்தனாசியுசு கிர்ச்சர் 1650இல் வெளியிட்ட இசை நூலில் சில பறவைகளின் ஒலிகள் அவ்வாறு தரப்பட்டுள்ளன.

ஒலியைக் கொண்டு இனங்களைப் பிரித்தறிந்தவர்களுள் இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் ஊரைச் சேர்ந்த கில்பர்ட் வைட் குறிப்பிடத்தக்கவர். உருவில் மிக நெருங்கிய சிறு கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்பதை அவர் 1768இல் எழுதிய கடிதத்தில் பதிவு செய்தார். அம்முடிவுக்கு அவற்றின் மாறுபட்ட பாடல்கள் முக்கியச் சான்றாயின. அவருடைய கடிதங்கள் 1789இல் நூலாக வெளிவந்தன.

பறவை ஒலியின் மிகப் பழைய ஒலிப்பதிவாக அறியப்படுவது 1889ஆம் ஆண்டைச் சார்ந்தது. செருமனியில் சிறுவனாக இருந்த லுட்விக் கோக், எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் தான் வளர்த்த பறவையின் பாடலைப் பதிந்தார். அப்பறவை தெற்காசியக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட சோலைபாடி ஆகும். பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறிய கோக், 1936இல் காட்டுப் பறவைகளின் பாடல்களை இசைத்தட்டுகளும் நூலும் இணைந்த தொகுப்பாக வெளியிட்டார்.

அமெரிக்காவில் 1929இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஆலன் குழுவினர், பேசும்படக் கருவிகளைக் கொண்டு காட்டுப் பறவைகளின் ஒலியைப் பதிந்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெல் ஆய்வகங்களில் பேச்சொலி ஆய்வுக்காக உருவான ஒலிநிரல் கருவி, 1950கள் முதல் பறவை ஒலி ஆய்வுக்கும் பயன்பட்டது. பமேலா ராசுமுசென், சான் ஆண்டர்டன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட தெற்காசியப் பறவைகள் நூல், ஒலிநிரல் வரைபடங்களைத் தந்ததோடு பல இனங்களின் வகைப்பாட்டுக்கும் ஒலியைச் சான்றாகக் கொண்டது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட செனோ-கான்டோ இணையத்தளம், உலகெங்கும் தன்னார்வலர்கள் பதிந்த பறவை ஒலிகளை எவரும் கேட்குமாறு தொகுத்து வருகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021இல் ஒலியைக் கேட்டு இனத்தைப் பரிந்துரைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. இது ஒலியை ஒலிநிரல் வரைபடமாக மாற்றி, படங்களை அறியும் கணினி முறையைக் கொண்டு இனத்தைக் கண்டறிகிறது.

அறிவியற் பயன்கள்

இலங்கையின் செரண்டிப் சிற்றாந்தை, ஒலியால் கண்டறியப்பட்ட புதிய இனத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1995இல் கித்துல்கல மழைக்காட்டில், தாம் அறிந்த எந்தப் பறவைக்கும் பொருந்தாத ஓர் இரவொலியைத் தீபால் வராககொட கேட்டார். ஒலிக்கு உரிய பறவையை அவர் கண்ணால் கண்டது 2001 சனவரியில், சிங்கராசக் காட்டில் ஆகும். 2004இல் அது புதிய இனமாக முறைப்படி விவரிக்கப்பட்டது. நாட்டின் ஆந்தை ஒலிகள் அனைத்தையும் அறிந்திருந்த ஒருவரே, இது அவற்றுள் ஒன்றன்று என்று துணிய முடிந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலைக்காடுகளில் வாழும் சோலைக்கிளி என்னும் சிறு பூச்சியுண்ணிகள் மற்றோர் எடுத்துக்காட்டு. இங்குக் கிளி என்பது பச்சைக்கிளியைக் குறிப்பதன்று. மலைத்தொடரின் இடைவெளிகளால் பிரிந்து வாழும் இவற்றின் பாடல்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, பழங்காலந்தொட்டுப் பிரிந்த கூட்டங்களிடம் மட்டுமின்றி, அண்மைக் காலக் காடழிப்பால் துண்டிக்கப்பட்ட கூட்டங்களிடமும் பாடல் வேறுபாடுகள் உள்ளதைக் காட்டியது. காடு துண்டாவதன் விளைவு, பறவையின் பாடலிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது.

கணக்கெடுப்புகளில் ஒலியின் பங்கு இதனினும் பெரிது. வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு 1966இல் தொடங்கியது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு வழித்தடத்திலும் 50 நிறுத்தங்கள் உண்டு. கதிரவன் எழுவதற்கு அரைமணி நேரம் முன்பு தொடங்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நிமிடம் நின்று, கண்ட பறவைகளும் கேட்ட பறவைகளும் பதியப்படுகின்றன. மூன்று நிமிடத்தில் இலைகளுக்குள் இருக்கும் பறவைகளைத் தேடிக் காண இயலாது. கேட்டே எண்ண வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் 1970க்குப் பின் ஏறத்தாழ 290 கோடி பறவைகள் குறைந்துள்ளன என்று 2019இல் வெளியான கணிப்புக்கு இக்கணக்கெடுப்பின் தரவுகள் முக்கிய அடிப்படையாகும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், ஐயமின்றி அறிந்த ஒலியைக் கொண்டு பறவையைப் பட்டியலில் சேர்க்கலாம்.

வரம்புகளும் பிழைகளும்

* போலச்செய்தல்: துடுப்புவால் கரிச்சான் பல பறவைகளின் ஒலிகளைப் போலச் செய்யும். கரிச்சான் வல்லூறின் அழைப்பை எழுப்புவதும் உண்டு. இயல்பற்ற இடத்தில் கேட்கும் ஒலியைக் கண்ணால் உறுதிசெய்துகொள்வது நல்லது.
* கேட்பவரின் செவி: வயது கூடக்கூட உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன் குறைகிறது. ஐரோப்பாவின் கோல்டுகிரெசுட்டு என்னும் மிகச் சிறிய பறவையின் பாடல் ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்சு அளவில் அமைவதால், முதியோர் சிலருக்கு அது கேட்பதில்லை. ஒருவரே பல ஆண்டுகள் கணக்கெடுத்து வரும் இடத்தில், குறைந்தது பறவையின் தொகையா கேட்பவரின் செவித்திறனா என்பதைப் பிரித்தறிய வேண்டியுள்ளது.
* இரைச்சல்: போக்குவரத்தின் தாழ்ந்த ஒலி பறவைகளின் தாழ்ந்த சுரங்களை மறைக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில், இரைச்சல் மிகுந்த பகுதிகளில் வாழும் பெரும் பட்டாணிக்குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.
* அமைதி: இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பல பறவைகள் பாடுவதில்லை. ஒலி கேளாமை பறவை இல்லாமைக்குச் சான்றாகாது.
* செயலிகள்: கணினி தரும் விடை ஒரு பரிந்துரையே ஆகும். அரிய இனம் ஒன்றைச் செயலி காட்டும்போது, ஒலிப்பதிவைச் சேமித்து, காலம், இடம், வாழிடம் ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று கேட்டு உறுதிசெய்வது வழக்கம்.

நெறிமுறைகள்

பதிவுசெய்த ஒலியை ஒலிபரப்பினால், தன் எல்லைக்குள் மற்றோர் ஆண் நுழைந்துவிட்டது என்று கருதிப் பறவை வெளிப்படும். இம்முறை ஆய்வுகளில் அளவோடு பயன்படுத்தப்படுகிறது. படமெடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும்போது, பறவை இரை தேடுவதையும் அடைகாப்பதையும் விட்டு, இல்லாத எதிரியைத் தேடி ஆற்றலை இழக்கிறது. எனவே கூடு கட்டும் காலத்திலும், அரிய இனங்கள் வாழும் இடங்களிலும், பலர் கூடும் பறவை நோக்கும் இடங்களிலும் ஒலிபரப்பைத் தவிர்க்க வேண்டும். ஒலிப்பதிவுகளைக் காதொலிப்பானில் கேட்பது பறவைகளுக்கு இடையூறு தராது.

மறைந்த குரல்கள்

ஒலிப்பதிவாக மட்டும் எஞ்சிய பறவைகளும் உள்ளன. அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தியின் குரலை 1935இல் லூசியானா காட்டில் ஆர்தர் ஆலன் குழுவினர் பதிந்தனர். ஐயத்திற்கு இடமில்லாத ஒலிப்பதிவு அவ்வினத்துக்கு அது ஒன்றே. அவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் வாழ்ந்த ஓஓ என்னும் பறவை, தன் குடும்பத்தின் கடைசி இனம் ஆகும். அதன் குரல் இறுதியாக 1987இல் கேட்கப்பட்டது. துணையை அழைக்கும் ஆண் பறவையின் பாடல் ஒலிப்பதிவாக உள்ளது. மறுமொழி தரும் பறவை அப்போது இல்லை. 2023இல் அமெரிக்க அரசு அதனை அற்றுப்போன இனமாக முறைப்படி அறிவித்தது.